ஒன்பது மில்லிமீட்டர்

ஜிர்கலானில், நிலக்கரி லாரிகள் இரவு முழுக்க இருமும் சந்தில்
என் கடை. கடை என்றால் ஒரு கேரேஜ்,
ஓர் இரும்பு அடுப்பு, வெளிநாட்டார் விட்டுப்போன
பதினோரு ஜோடிப் பனிப்பலகைகள்.

பூருல் வந்தாள். மாட்டு மருத்துவர்.
விடியலில் ஒரு கன்றை இழுத்து வெளியே எடுத்த கை
இன்னும் சிவந்திருந்தது.
"ஏறவும் வேணும், இறங்கவும் வேணும், எர்மெக்."
ஒரே குதிரையைப் பாலுக்கும் பந்தயத்துக்கும்
கேட்கிறாய் என்றேன்.
"எங்க வீட்டில் அப்படி ஒன்று இருந்தது" என்றாள்.

முதல் ஜோடிக்கு இடுப்பு நூற்றுப் பதினெட்டு.
மூக்கும் வாலும் தோணிபோல எழும்பியவை.
தூள்பனியில் மிதக்கும், சத்தியம்.
ஒரு காலுக்கு இரண்டு கிலோ,
அதன்மேல் ஒட்டிவரும் பனி தனி.
தூக்கிப் பார்த்துத் திருப்பி வைத்தாள்,
விலை கேட்காமல் வைக்கும் தர்பூசணி மாதிரி.

அடுத்தது முழுக் கார்பன். ஒல்லி.
விரலால் தட்டினாள். காலி டப்பா.
"உறைந்த சாணிமேல் இது பல்லைக் கழற்றிவிடும்."

மூன்றாவது ஆலிவ் பச்சை, நூற்று எட்டு,
ஸ்டிக்கரில் பாதி நாய்.
வாலைத் தரையில் ஊன்றி, மூக்கை இடக்கையில் பிடித்து
நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்
முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு,
சினைப்பசுவின் விலாவை அழுத்துகிறவள் போல.
முன்பகுதி வளைந்துகொடுத்தது.
காலடியில் பிடிவாதம்.
வால் கொஞ்சம் யோசித்தது, பிறகு வளைந்தது.
"இது வாலாட்டாது" என்றேன். அவள் சிரிக்கவில்லை,
மேல்தோலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அங்கே இரண்டு குடும்பத் துளைகள்.
கம்பெனிக் கோட்டின்மேல் ஒருவன் நின்றிருக்கிறான்.
இரண்டு சென்டிமீட்டர் பின்னால் இன்னொருவன்.

பலகைகளைக் கம்பளிமேல் கிடத்தினேன்.
பின்னால் நின்றால் மூக்கு ஆழத்தில் மூழ்காது.
முன்னால் நின்றால் ஏற்றத்தில் காலைத் தூக்கித் திருப்பும்போது
மூக்கு தானாக எழும்பும்.
ரொம்பப் பின்னால் போனாலோ தலைக்கனம்;
நுனி சரிவில் குத்திக்கொள்ளும்,
நீ அந்தரத்தில் ஒற்றைக்காலில் நிற்பாய்.

கண்ணை மூடி, அரையங்குலம் அரையங்குலமாக நகர்ந்தாள்.
"இங்கே."
அளந்தேன். இரண்டு குடும்பங்களுக்கும் நட்டநடுவில்.
"இங்கே முடியாது."
"ஏன்?"
"ஏற்கனவே ஆள் இருந்த இடம். மரம் பிளக்கும்."

தேநீர் குடித்தோம். அடுப்பில் கரி இடிந்து விழுந்தது.
"அப்படியென்றால் கோட்டுக்கு முன்னால். ஒன்றரை."
ஆழப்பனிக்கு யாரும் அப்படி வைப்பதில்லை என்றேன்,
பத்து வருடமாக எல்லோரிடமும் சொல்வதையே.
"ஏற எத்தனை மணி நேரம்?"
நாலு.
"இறங்க?"
பதினைந்து நிமிஷம். நின்று நின்று போனால் இருபது.
டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

மூன்று புள்ளி ஆறு துளைமுனை, ஒன்பதில் தடைவளையம்.
பத்தானால் அடிப்பக்கம் கொப்புளிக்கும்.
பச்சைச் சுருள், கறுப்பு நூல்,
பிறகு வெளுத்த பாப்ளர் மரத் துகள்.
பன்னிரண்டாவது துளையில் அவள் போன் அடித்தது.
மேல்கொட்டிலில் ஒரு பெட்டைக்குதிரை படுத்துவிட்டதாம்.
பாதிப் பணமும் ஒரு ஜாடித் தேனும்
மேசைமேல் வைத்துவிட்டு ஓடினாள்.

மிச்சம் நாலையும் போட்டேன். பசை காய
ஓர் இரவு வேண்டும். வெளியே
பனி பெய்யத் தொடங்கியிருந்தது, சத்தமில்லாமல், நிறைய.

கதவைச் சாத்தினேன்.
என் சொந்தப் பலகைகளை ஆணியிலிருந்து எடுத்து
கம்பளிமேல் போட்டேன்.
காலுறையோடு ஏறி, கண்ணை மூடி நகர்ந்தேன்.
நின்ற இடத்தில் குனிந்து தொட்டால்
என் பைண்டிங் மூன்று விரல் பின்னால் இருந்தது.

திரும்பவும் செய்தேன்.
மூன்று விரல்.